ஜோடிக்குறி

சலவைக் கம்பெனியில் அவளுடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவள் மைக்காரி. துணிக்குக் குறி போடுகிற மை ஒருமுறை விரலில் பட்டால், தோல் உரிந்து புதுத்தோல் வந்தால்தான் போகும். அவளுக்குப் புதுத்தோல் வருவதற்குள் அடுத்த மை ஏறிவிடும். இருபத்தோரு வருஷமாக வலது கையில் மூன்று விரல் கறுப்பு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இடம் தாராளமாகக் கிடைத்தது.

ஹோட்டல் விரிப்பு, ஆஸ்பத்திரிக் கோட்டு, ஆபீஸ் சீருடை என்று மூட்டை மூட்டையாக வந்து அவள் மேஜையில் சரியும். ஒவ்வோர் உருப்படியையும் விரித்துப் பார்த்து, உள்மடிப்பில் தைத்திருக்கும் துணிப்பட்டையில் குறி போடுவாள். இரண்டு புள்ளி வைத்தால் கறை. வட்டத்தின் கீழே கோடு இழுத்தால் கஞ்சி. பெருக்கல் போட்டால் கிழிசல், நம்மிடம் வரும்போதே கிழிந்திருந்தது. நெளிகோடு என்றால் சாயம் போகும், தனியாக வெளுக்க வேண்டும். எழுத்தில் எழுதினால் யார் படிப்பது? டிரம்மில் துணி போடுகிறவரின் தாய்மொழி ஒன்று, பிழிகிறவருடையது இன்னொன்று, இஸ்திரி போடுகிற பாதிப் பேருக்கு எதுவுமே படிக்கத் தெரியாது. குறி என்றால் எல்லாருக்கும் ஒரே பாஷை.

டிரம் அறையில் வேலை பார்த்தவர்தான் அவள் புருஷன். பிறவியிலேயே காது கேளாது, அதனால் பேச்சும் இல்லை. பள்ளிக்கூடம் பக்கம் யாரும் அவரைக் கூட்டிப் போகவில்லை. கவுண்டரில் ரசீது எழுதுகிற அக்கா சொல்வாள்: "இந்த மெஷின் சத்தத்துல நாமெல்லாம் போகப் போகத்தான் செவிடாகணும். அவரு முன்னாடியே தயாரா வந்துட்டாரு."

கல்யாணப் பேச்சும் குறியில்தான் நடந்தது. ஒருநாள் வெளுத்த துணிக் கட்டோடு அவருடைய சொந்தச் சட்டை ஒன்று அவள் மேஜைக்கு வந்தது. பட்டையில் ஜோடிக்குறி: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோடு, அடியில் ஒரு வளைவு அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும். கோட்டு வந்து கால்சட்டை இன்னும் டிரம்மில் கிடந்தால் அந்தக் குறியைப் போடுவார்கள். எதனோடு ஜோடி என்று சட்டையில் இல்லை. அவள் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு தன் கைக்குட்டையில் அதே குறியைப் போட்டு டிரம் அறைக்கு அனுப்பினாள். கம்பெனி முழுக்கச் சிரித்தது. வாயுள்ள ஆண்கள் பத்துப் பேர் சொல்லாத விஷயத்தை வாயில்லாதவர் சொல்லிவிட்டார் என்றாள் கவுண்டர் அக்கா.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனுஷர் அவர். அதுதான் வினையாக முடிந்தது. ஹோட்டல் அறையில் திருடுபோன நகைகள், விரிப்பு மூட்டை ஒன்றுக்குள் இருந்து கிடைத்தன. மூட்டையை இறக்கிவைத்தவர் அவர். போலீஸ் கேட்ட கேள்வி எதுவும் அவருக்குக் கேட்கவில்லை; அவர் கையால் சொன்ன பதில் எதுவும் அவர்களுக்குப் புரியவில்லை. ஊமை கண்ட கனவு என்று சும்மாவா சொல்கிறார்கள். பதில் சொல்ல மறுத்தார் என்று எழுதிக்கொண்டார்கள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆள் அமையவில்லை. உள்ளூர் ஜெயிலில் இடம் இல்லை என்று ஒன்றரை நாள் பயணத் தூரத்தில் இருந்த ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒருமுறை போய்ப் பார்த்தாள். இரண்டு வரிசைக் கம்பிவலை, நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவு இடைவெளி. அந்தப் பக்கம் வரிசையாக ஆட்கள், இந்தப் பக்கம் வரிசையாக ஆட்கள், எல்லாரும் கத்தினார்கள். கத்தத் தெரிந்தவர்களுக்கே பாதிதான் போய்ச் சேர்ந்தது. அவருடைய உருவம் தெரிந்தது. கை தெரியவில்லை. இருபது நிமிஷமும் இரண்டு பேரும் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் கடிதம். வெள்ளைத் தாளில் குறிகளை வரிசையாகப் போட்டு அனுப்பினாள். கறை இன்னும் போகவில்லை என்றால், வழக்கு நகரவில்லை. கஞ்சி வேண்டாம் என்றால், விறைப்பாக நிற்காதே, அங்கே இருப்பவர்களோடு அனுசரித்துப் போ. நெளிகோடு என்றால், பக்கத்தில் இருப்பவனை நம்பாதே. கம்பெனியில் ஒரு பொருளும் கடிதத்தில் வேறு பொருளும் வந்ததற்கு அவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. ஒரே வீட்டில் ஒரே வேலை பார்த்தவர்கள், புரிந்தது. ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் ஜோடிக்குறி. அவரும் பதிலில் அதைத்தான் கடைசியில் போடுவார்.

ஜெயிலில் இருந்த பழைய தபால் அதிகாரி ஏதோ குழந்தைக் கிறுக்கல் என்று முத்திரை குத்தி உள்ளே விட்டிருக்க வேண்டும். ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. பிறகு புதுக் கண்காணிப்பாளர் வந்தார். எந்தக் கடிதத்திலோ போதைமருந்து தடவிய தாள் வந்ததாம், அதனால் சுற்றறிக்கை. வெளியிலிருந்து வரும் கடிதம் அங்கீகரித்த இரண்டு மொழிகளில், தெளிவான எழுத்தில் இருக்க வேண்டும். படம், குறி, புரியாத எழுத்து கூடாது. போதைமருந்துக்கும் இரண்டு புள்ளிக்கும் என்ன சம்பந்தம் என்று சுற்றறிக்கையில் இல்லை. அவளுடைய கடிதங்கள் சிவப்பு முத்திரையோடு திரும்பத் தொடங்கின: 'குறியீட்டுக் கடிதம். அனுமதி இல்லை.'

உள்ளேயிருந்து வெளியே போகிற கடிதங்களைப் பற்றிச் சுற்றறிக்கை எழுதியவர் யோசிக்கவில்லை. அதனால் புருஷனுடைய தாள்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. முதலில், உருப்படி வந்து சேரவில்லை என்ற குறி. அடுத்த மாதமும் அதே. பிறகு, உருப்படி காணோம். கடைசியாக வந்த தாளில் ஜோடிக்குறி ரொம்பச் சின்னதாக, ஓரத்தில், கேட்கலாமா கூடாதா என்பதுபோல இருந்தது. அவள் திரும்பி வந்த தன் கடிதங்களையும் அவருடைய தாள்களையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள்.

அங்கே கிடைத்த வக்கீல் சின்ன வயதுப் பெண். நல்லவள். அவசரக்காரி. பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதுக்காகத்தான் நான் சட்டம் படிச்சேன் அக்கா" என்றாள். அந்த வார்த்தை மைக்காரிக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"கோர்ட்ல முதல் கேள்வியே இதுல என்ன எழுதியிருக்குன்னுதான் கேப்பாங்க" என்றாள் வக்கீல். "அதனால ஒரு அட்டவணை குடுத்துடுவோம். முதல் பத்தில குறி, ரெண்டாவதுல சலவை அர்த்தம், மூணாவதுல கடிதத்துல என்ன அர்த்தம். ஒளிக்க ஒண்ணும் இல்லன்னு தெரியணும்."

அட்டவணையை எழுதிக்கொள்ள வக்கீலின் குமாஸ்தா உட்கார்ந்தார். நாற்பத்தொரு குறி. அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கமெண்ட் வைத்திருந்தார்.

"நீலம் அதிகம் போடாதேன்னா?"

"மழுப்பாம உள்ளத எழுதுன்னு."

"இது எங்க வீட்டுக்காரிக்கு வேணுமே. கஞ்சி ரெட்டிப்பு?"

"தைரியமா இருன்னு."

நாற்பது குறிக்கு மூன்றாவது பத்தி நிரம்பியது. புருஷனுக்கு மட்டும் தெரிந்தது அத்தனையும் குமாஸ்தாவின் பேனா வழியாகக் காகிதத்தில் ஏறியது. நாற்பத்தொன்றாவது வந்தது.

"இந்த ரெண்டு கோடு?"

"சலவைல, ஜோடி வரலன்னு அர்த்தம்."

"கடிதத்துல?"

அவள் சுவரைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் வாயால் சொல்லத் தேவையே வராத வார்த்தை அது. சொல்லியிருந்தாலும் கேட்க அவருக்குக் காது இல்லை. அதை முதன்முதலாக இந்த வழுக்கைத் தலையிடம், வீட்டுக்காரி ஜோக்குக்கு நடுவில் சொல்வதா?

"அது சும்மா. கடைசில போடறது."

"'இங்ஙனம்' மாதிரியா?"

"ஆமா. அது மாதிரி."

குமாஸ்தா மூன்றாவது பத்தியில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு எழுந்தார். வக்கீலும் அதைக் கவனிக்கவில்லை.

கடிதத் தடையை எதிர்த்துப் போட்ட மனு விசாரணைக்கு வந்த நாளில் அரசு வக்கீல் அதை மட்டும்தான் கவனித்தார். நாற்பது குறியையும் விட்டுவிட்டு நேராக அங்கே விரலை வைத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மனுதாரர் வந்திருக்காங்களா? கேட்டுடலாமே" என்றார். அவளைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கவைத்தார்கள். கறுப்பு விரல்களை மற்றக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாம சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி. "இந்தக் கடைசிக் குறிக்கு என்ன அர்த்தம்?"

பயப்படாமல் சொல்லச் சொன்னதால், இருபத்தோரு வருஷமாகப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னாள்.

"இதோட ஜோடி இன்னும் வரலங்கய்யா. அது வந்து சேர்ற வரைக்கும் இத யாருக்கும் குடுக்கக் கூடாது."

அரசு வக்கீல் எழுந்தார். பிறகு கோர்ட்டு பாஷையில் அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அந்தப் பாஷையில் அது ஒரு உத்தரவுபோல இருந்தது: ஒரு பொருளை, அதன் இணை வந்து சேரும்வரை, எவரிடமும் ஒப்படைக்காதே. கைதியின்மேல் உள்ள வழக்கு என்ன என்பதையும் அவர் நினைவூட்டினார். மீட்கப்பட்ட நகைகளில் ஒரு வளையல் இருக்கிறது. அதன் ஜோடி இன்றுவரை கிடைக்கவில்லை என்றார்.

வளையலைப் பற்றி மைக்காரிக்கு அன்றுதான் தெரியும். நல்ல கிணறாக வெட்டி, பூதத்தைத் தானே கையைப் பிடித்துக் கூட்டி வந்தாகிவிட்டது.

வக்கீல் பக்கத்தில் வந்து, "அக்கா, கடிதத்துல என்ன அர்த்தம்னு சொல்லுங்க. இப்பச் சொல்லுங்க" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"காத்துட்டு இருக்கேன்னு."

"கொஞ்சம் சத்தமா" என்றார் நீதிபதி.

"காத்துட்டு இருக்கேன்னு அர்த்தங்கய்யா."

"யாருக்காக?" என்றார் அரசு வக்கீல்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"அவருக்காகத்தான். வேற யாருக்காகக் காத்திருப்பேன்?"

"இத ஏன் அட்டவணைல எழுதல?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. அந்த இடத்தில் சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

"ஆக, ரெண்டு நிமிஷத்துல ரெண்டு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு அரசு வக்கீல் உட்கார்ந்தார்.

தீர்ப்பு ஐந்து வாரம் கழித்து வந்தது. வக்கீலின் அறைக்குள் நுழையும்போதே குமாஸ்தா பேப்பரைத் தலைக்குமேல் ஆட்டினார். எழுதத் தெரியாதவனுக்கும் காது கேளாதவனுக்கும் கடிதம் பெறும் உரிமை உண்டு. புரியவில்லை என்பதற்காக ஒரு கடிதத்தைத் தடுப்பது சோம்பேறித்தனமே தவிரப் பாதுகாப்பு ஆகாது. அந்த வரியை வக்கீல் இரண்டு முறை படித்தாள். அட்டவணைப்படியான குறிகளுக்கு அனுமதி.

"நாற்பத்தொண்ணுல நாற்பது" என்றார் குமாஸ்தா. "பரீட்சைன்னா மொத வகுப்பு."

"எது இல்ல?" என்றாள் மைக்காரி.

வக்கீல் பக்கத்தைப் புரட்டினாள். மனுதாரரே இரு வேறு பொருள் கூறியுள்ளதாலும், நிலுவையில் உள்ள வழக்கின் தன்மையைக் கருதியும், நாற்பத்தொன்றாவது குறி நீக்கப்படுகிறது.

"அந்த நாற்பதும் வேண்டாம்மா. அந்த ஒண்ணு போதும்."

"அப்படியெல்லாம் மாத்திக் கேக்க முடியாதுக்கா. இது பெரிய தீர்ப்பு. நாளைக்கு வேற எத்தனையோ பேருக்கு உதவும்."

"உதவட்டும். எனக்கு?"

வக்கீல் முகம் வாடிவிட்டது. மேல்முறையீடு பண்ணலாம், ஆனால் அந்தக் குறி இல்லாததால் என்ன பாதிப்பு என்று காட்டச் சொல்வார்கள் என்றாள். அதுவரை இருக்கிறதை வைத்து எழுதுங்கள், எட்டு மாதமாக ஒன்றுமே போகாத இடத்தில் ஏதாவது போகட்டும் என்றாள்.

கவுண்டர் அக்காவும் அதையேதான் சொன்னாள். "ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல்டி. கையெழுத்து உன்னதுன்னு தெரியும் இல்ல? மனசு ஆறும்."

"ஜோடிக்குறி இல்லாம ஒரு கோட்டு உன் கவுண்டருக்கு வந்தா நீ என்ன பண்ணுவே?"

அக்கா ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தாள். "வந்தவங்க கைல குடுத்து அனுப்பிடுவேன்."

"அவருக்கும் அதான் தெரியும்."

மூன்று நாள் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பது குறியில் காத்திருப்பதற்கு ஒன்றுகூட இல்லை. துணி காத்திருக்காது, அதற்குக் கறை உண்டு, கிழிசல் உண்டு, சுருக்கம் உண்டு. குறியைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தாள், தள்ளிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில் ஒரு யோசனை வந்தது. எப்போதும் ஜோடிக்குறி வரும் இடத்தில் கிழிசல் குறியைப் போட்டால், இந்த இடத்தில் இருந்ததை யாரோ கிழித்துவிட்டார்கள் என்று அவருக்குப் புரியும். கிழிசல் என்றாலே நாங்கள் கிழித்ததில்லை, வரும்போதே அப்படி வந்தது என்றுதானே அர்த்தம். அவர் புத்திசாலி. புரிந்துகொள்வார்.

கறை போகவில்லை, கஞ்சி வேண்டாம், நீலம் போடாதே என்று எழுதிக்கொண்டே வந்து, அடியில் பெருக்கல் போட்டாள். கடிதம் திரும்பி வரவில்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக உள்ளே போயிற்று.

இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. கம்பெனி முகவரிக்கு வந்ததால் கவுண்டர் அக்காதான் வாங்கி, குறி மேஜைக்கு ஓடி வந்தாள்.

"பிரி, பிரி. என்ன சொல்றாரு?"

தாளில் ஒரே ஒரு குறி இருந்தது. நடுவில், பெரிதாக, கை நடுங்காமல் போட்டது. ஜோடிக்குறி, அதன் குறுக்கே ஒரு கோடு. ஜோடி இனி வராது என்று தெரிந்துவிட்டால், அல்லது வேண்டாம் என்று வாடிக்கையாளரே சொல்லிவிட்டால், அப்படி அடிப்பார்கள். தனியாகக் கொடுக்கலாம்.

அவருக்கு அவள் எழுதியது இப்படித்தான் போய்ச் சேர்ந்திருந்தது: ஜோடி இருந்த இடம் கிழிந்துவிட்டது, நான் கிழிக்கவில்லை, அது அப்படி ஆகிவிட்டது. கோபம் எதுவும் இல்லாமல், அவர் தன் கையால் கோடு இழுத்து அவளை அனுப்பிவிட்டார்.

"என்னடி?" என்றாள் அக்கா. அவளும் அந்தக் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் இருப்பவள். எட்டிப் பார்த்தாள். மேஜையில் கிடந்த விரிப்புகளை எடுத்து, தன் வேலை இல்லாவிட்டாலும், மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் மைக்காரி அரை நாள் லீவு போட்டுவிட்டு வக்கீலிடம் போனாள். தாளை மேஜையில் வைத்தாள்.

"பாதிப்பு என்னன்னு காட்டச் சொல்வாங்கன்னு சொன்னீங்களே."

அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட வக்கீல் முதலில் அவள் கையைப் பிடித்தாள். பிறகு, கையை விடாமலே, "அக்கா, இது நமக்கு ரொம்ப நல்ல ஆதாரம்" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரமாணப் பத்திரம் தட்டக் குமாஸ்தா உட்கார்ந்தார். இந்தத் தடவை கமெண்ட் எதுவும் இல்லை. அதோடு வைக்கும் அட்டவணையில் மூன்றாவது பத்தியைக் காலியாக விடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தாள். அவர் தட்டிவிட்டுப் படித்துக் காட்டினார்: "'கைதி, மனுதாரரைத் தம்மிடமிருந்து விடுவித்துள்ளார்.' சரியாம்மா?"

"ஜெயில்ல இருக்கறவர் யார விடுவிப்பார்? அப்படிப் போடாதீங்க."

"வேற எப்படிப் போட?"

"'எனக்காக நீ இருக்க வேண்டாம், போ' அப்படின்னு சொல்றார். அப்படியே போடுங்க."

குமாஸ்தா அப்படியே தட்டினார். புருஷனுடைய தாளின் மூலையில், ஜோடிக்குறிக்கு மேலே, 'இணைப்பு 3' என்று முத்திரை விழுந்தது. மேல்முறையீடு விசாரணைக்கு வர நான்கு மாதம் ஆகலாம் என்றாள் வக்கீல். அதுவரை கடிதம் எழுதலாமா என்று மைக்காரி கேட்டாள். இப்போது எழுதினால் பாதிப்பு குறைந்துவிட்டதாக அரசு வக்கீல் சொல்லுவார், கொஞ்சம் பொறுங்கள் என்றாள் வக்கீல்.

உறுதிமொழி வாங்குகிறவர் மாடியில் இருந்தார். கண்ணை உயர்த்தாமலே கேட்டார்: "இதுல எழுதியிருக்கறது உங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் உண்மைதானே?"

அவள் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள்.

"அவரு சொன்னது உண்மைதாங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.